பெரியநாயகியின் வலது கால்

முனியப்பன் கோயில் வாசலில் கார் நான்காவது முறையாக அணைந்தபோது பெரியநாயகி திட்டியது காரை இல்லை, முனியப்பனை.

"யோவ், இன்னாய்யா வேணும் உனுக்கு? தெனம் கற்பூரத்துக்குக் காசு குடுத்துக்கினுதான போறேன்? மலைக்குப் போற அத்தினி வண்டியில என் வண்டிதான் உன் கண்ணுக்குத் தெரியுதா?"

கல்வராயன் மலையின் முதல் வளைவுக்குக் கீழே, கையில் அரிவாளும் உருட்டிய விழியுமாகப் பனைமரம் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறவர் அந்த முனியப்பன். லாரிக்காரர்கள்கூட அவர் முன்னால் பீடியை மறைத்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவரைப் பட்டப்பகலில் ஒருத்தி "யோவ்" என்று கூப்பிட்டதும், அவர் மீசை ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்ததாகப் பூசாரி வீரமுத்து பிறகு ஊரெல்லாம் சொன்னார். எதிர்ப்புளியமரத்துக் குரங்குகள் அன்றைக்கு மலையேறியவை மூன்று நாள் இறங்கவில்லை என்பது டீக்கடைக்காரர் சேர்த்துக்கொண்டது.

தினமும் அந்தக் காரில் மலைமேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நான்கு டீச்சர்களும் இறங்கினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து தள்ள, கார் இருபது அடி உருண்டு, இருமி, உயிர் பிடித்தது. முனியப்பன் எல்லையைத் தாண்டிவிட்டால் அது எப்போதும் அப்படித்தான். பதினோரு வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறிவிடும்.

அந்த மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. முனியப்பன் முன்னால் நிற்காமல் எந்த வண்டியும் மேலே போகாது. நின்றாலும் எஞ்சினை அணைக்கக் கூடாது. அவர் பார்வையில் டிரைவர் அணைத்த வண்டி நடுவளைவில் தானாகவே அணையும் என்பார்கள். அதனால் டிரைவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார். பூசாரி தட்டோடு வந்து, பம்பரில் எலுமிச்சம்பழம் தேய்த்து, கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை இழுத்து, டிரைவர் நெற்றியில் குங்குமம் வைத்து முடிக்கிற வரையில் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த இடம் பார்வைக்குத் தெரியாத சரிவு. பெரியநாயகியின் காரில் ஹேண்ட் பிரேக் என்பது பொம்மைக்குப் போட்ட தோடு மாதிரி, அழகுக்கு இருந்தது.

வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும் சுபஸ்ரீ டீச்சர் இறங்கி, புடவை மடிப்பில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். கணக்கு டீச்சர். கோபத்தைக்கூடக் கணக்காகத்தான் வெளியே விடுவார்.

"பெரியநாயகி, இன்னிக்கும் பிரேயருக்கு லேட். எச்செம் ரெஜிஸ்டர எடுத்து உள்ள வெச்சிட்டாரு. வர திங்கக்கிழமை ஒரு தடவ பாக்கிறோம். அன்னிக்கும் நின்னுச்சின்னா, வேற கார் பாத்துக்கறோம், தமிழ்வேந்தன் வண்டியில சொல்லிடுவோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கறதுக்கு இன்னாங்க டீச்சர் இருக்குது. வண்டிதான தப்பு" என்று சொன்னாள் பெரியநாயகி. சொல்லிவிட்டு வலது காலைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

அந்த மிதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டப் போகிற குடும்பத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். பிறந்ததும் அழவில்லை, மருத்துவச்சியை உதைத்தாள் என்பார்கள். ஆறு வயதில் கோபம் வந்து அவள் மிதித்த இடத்தில் ஊற்றுக் கண் திறந்து, இன்றைக்கும் அங்கே வாத்து மேய்கிறது என்றுகூடச் சொல்வார்கள். வாத்து மேய்வது உண்மை.

அவர்கள் வேலை செய்த பண்ணைக்காரரிடம் ஒரு கார் இருந்தது. அதுவும் நின்று நின்று ஓடுகிற கார்தான். நின்றால் ஆள் அனுப்புவார்கள். கரும்புக் கொல்லையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய்த் தள்ள வேண்டும். தள்ளிவிட்டால் கார் புகையை முகத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். பத்து வயதில் ஒருநாள் தள்ளி முடித்த கையோடு, கதவுக் கைப்பிடி எப்படி இருக்கும் என்று பெரியநாயகி தொட்டுப் பார்த்தாள். பண்ணைக்காரரின் மகன் உள்ளே இருந்தபடியே அவள் விரலைத் தட்டிவிட்டான். "தள்ளத்தான் கூப்ட்டது" என்றான்.

அன்றைக்கு மிதித்த மிதிதான் பெரிது என்று அவள் அம்மா சொல்வாள்.

பத்தொன்பது வயதில், டிரைவர் குடித்துவிட்டு வரப்பில் கிடந்த ஒரு நாளில், கரும்பு டிராக்டரை அவளே எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். ஊர் வாயைப் பிளந்தது. கல்யாணமானது. கணவன் பகலவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான்; பொங்கலுக்குப் பொங்கல் வருவான். அவன் திருப்பூர் போனது வேலைக்கா, அவள் வாய்க்குப் பயந்தா என்பதில் கள்ளக்குறிச்சியில் இரண்டு கட்சி. திருக்கோவிலூரில் ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டரிடமிருந்து அந்தப் பழைய மாருதியை அவள் வாங்கியபோது அதற்கே வயது இருபதைத் தாண்டியிருந்தது. அன்றையிலிருந்து ஒரு சட்டம் போட்டாள். அந்தக் காரின் டிரைவர் சீட்டில் அவளைத் தவிர வேறு ஒருவர் உட்காரக் கூடாது. பகலவன்கூட இடது பக்கம்தான்.

அப்படிப்பட்டவளுடைய காரை இப்போது நான்கு பேர் இறங்கித் தள்ளுகிறார்கள். அவளுக்குள் எரிந்தது அதுதான். சவாரி போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் "அவ கார தள்ள முடியல, வுட்டுட்டோம்" என்று ஒரு பேச்சு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் அது இறங்காது.

திரும்பி வரும்போது பூசாரி வீரமுத்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலு வாட்டி ஒரே எடத்துல நிக்குதுன்னா அது வண்டி கோளாறு இல்ல தாயி. சாமி கேக்குது. ஒரு செவப்புச் சேவல் நேர்ந்துக்க."

"எனுக்கு இன்னா கொறையின்னு ஒங்க சாமி ஒரு வாட்டியாவது கேட்டிச்சா? அது கேக்காம நான் இன்னாத்துக்குச் சேவல் குடுக்கணும்?"

"வாயி... வாயி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் வீரமுத்து, அவளுக்கும் சேர்த்து.

சனிக்கிழமை காலையிலேயே பெரியநாயகி கொளஞ்சியப்பனின் ஷெட்டில் போய் நின்றாள். கச்சிராயபாளையம் ரோட்டில், வேப்பமரத்தடியில் இருக்கிறது அந்த ஷெட். கொளஞ்சியப்பன் நல்ல மெக்கானிக். ஆனால் அவரை அவசரப்படுத்த முடியாது. மழையையே "இருப்பா, வரேன்" என்று சொல்லி நிறுத்தி வைப்பவர்.

மூன்று வாரமாக அவர் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிளக் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி, சும்மா நிற்கும்போது பெட்ரோல் கசிந்து போகிற ஊசித் துளையை ஊதினார். ஃபில்டரைத் தட்டினார். கடைசியில் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி உறுமலை ஏற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஷெட்டில் நின்ற இடத்திலேயே எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி சீராக ஓடும். மறுநாள் முனியப்பன் வாசலில் செத்துப்போகும்.

"அண்ணே, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்" என்றாள். "திங்கக்கிழமை நின்னுச்சின்னா சவாரி போச்சு."

"கோவப்படாம சொல்லு தங்கச்சி. டக்குனு அணையுதா, விக்கி விக்கி அணையுதா?"

"விக்கி விக்கித்தான். இழுத்துக்கினு கெடக்கற கெழவன் மாதிரி."

"டக்குனு அணைஞ்சா கரண்டு. விக்குனா பெட்ரோலு, இல்லாங்காட்டி காத்து. சோக்க இழுத்துப் பாத்தியா?"

"இழுத்தா கொஞ்ச நேரம் உசுரோட இருக்குது."

கொளஞ்சியப்பன் தாடியைச் சொறிந்தார். "சோக்க இழுத்தா பெட்ரோல் ஜாஸ்தி போவும். அப்ப உசுரு வருதுன்னா, மத்த நேரத்துல காத்து ஜாஸ்தி ஆவுது. எங்கியோ திருட்டுக் காத்து உள்ள பூருது."

பானட்டைத் திறந்து, அவளை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, இணைப்பு ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். உறிஞ்சினால் அங்கேதான் ஓட்டை. எங்கேயும் உறிஞ்சவில்லை. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து டயருக்குக் காற்றடிக்கத் தமிழ்வேந்தன் வந்து சேர்ந்தான். புது வண்டி. சீட்டுக்கு இன்னும் பாலிதீன் உறையைக் கழற்றவில்லை.

"இன்னாக்கா, முனியப்பன் இன்னும் சமாதானம் ஆவலியா?"

"நீ காத்த அடிச்சிக்கினு போ. உன் வாயில இருக்கறதே நாலு டயருக்கு வரும்."

கொளஞ்சியப்பன் கையைத் துணியில் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, வண்டியில ஒண்ணும் இல்ல. சரிவுல நிக்கறப்ப கிளச்ச வுடற பக்குவம்னு ஒண்ணு இருக்குது..."

"அதான் நானும் சொல்றேன்" என்றான் தமிழ்வேந்தன். "பொம்பளைங்களுக்கு கிளச்சு இல்லாத வண்டிதான் தோது."

பெரியநாயகி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"யாருக்குடா தோது? நீ அர டவுசர் போட்டுக்கினு மூக்கு ஒழுகிக்கினு திரிஞ்சப்போ ஆறு டன் கரும்பு ஏத்திக்கினு நான் ஆலைக்கு டிராக்டர் ஓட்னவடா! கிளச்சு பக்குவம் எனுக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா? மூணு வாரமா மூடியத் தொறந்து தொறந்து மோந்து பாத்துட்டு, ஒண்ணும் தெரியலன்னதும் பழிய என் கால்ல போடறியாண்ணே?"

'கால்ல' என்று சொல்லும்போதே அந்தக் கால் ஓங்கி மிதித்தது. காருக்குள் மிதிக்கத் தரை ஏது? மிதி போய் விழுந்தது பிரேக்கில்.

எஞ்சின் ஒரு விக்கல் விக்கியது. இரண்டு விக்கல். அணைந்தது.

வேப்பமரத்துக் காக்கா மட்டும் எதையோ கேட்டது.

"இன்னா பண்ண?" என்றார் கொளஞ்சியப்பன்.

"உன்னத் திட்னேன்."

"அது கச்சிராயபாளையம் வரிக்கும் கேட்டுச்சு. காலால இன்னா பண்ண?"

அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். அது இன்னும் பிரேக் மேலேயே இருந்தது.

"கால எடு. ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினாள். ஓடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்ப மெதுவா பிரேக்க அமுக்கி, அப்படியே வெச்சிக்க."

பெடல் இறங்கியது. காலடியில் எங்கேயோ 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். உறுமல் தேய்ந்தது. கார் உதறியது. அணைந்தது.

கொளஞ்சியப்பன் பானட்டுக்குள் கையை விட்டு, டிரைவர் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு கருப்புத் தகரச் சட்டியைத் தட்டினார். "பூஸ்டர். நீ பிரேக்க அமுக்கறப்ப கூடச் சேர்ந்து அமுக்கறது இதான். எஞ்சின் இந்த ஓஸ் குழா வழியா உறிஞ்சற உறிஞ்சல வெச்சி வேல செய்யுது. உள்ளாற ஒரு ரப்பர் தகடு இருக்கும். அது கிழிஞ்சிருக்குது. நீ மிதிச்சா வெளிக்காத்து நேரா எஞ்சினுக்குள்ள பூந்துடுது. ஓடறப்ப அதுக்கு இது பெருசில்ல. சும்மா நிக்கறப்ப அதுக்கு மூச்சே கம்மி. அப்ப மூஞ்சில காத்த அடிச்சா இன்னா பண்ணும்?"

ஓஸைப் பிடுங்கி, எஞ்சின் பக்கத்துத் துளையை ஒரு போல்ட்டால் அடைத்தார். "இப்ப ஸ்டார்ட் பண்ணி மிதி."

மிதித்தாள். எஞ்சின் அணையவில்லை. ஆனால் பெடல் பாறையாக இருந்தது.

பெரியநாயகிக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பூசாரி எலுமிச்சம்பழம் தேய்க்கிற வரையில் அவள் கால் பிரேக்கில். அவர் சீக்கிரம் முடித்த நாளில் வண்டி தப்பித்திருக்கிறது. அணைந்ததும் சாவியைத் திருகுகிறாள். வண்டி பின்னால் உருளாமலிருக்க அப்போதும் கால் பிரேக்கில். தள்ளும்போதுதான் காலை எடுக்கிறாள், எடுத்ததும் ஓடுகிறது. பெடல் மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. கரும்புக் கொல்லையில் உரம் ஏறிய காலுக்கு அது தெரியவே இல்லை.

விளங்க விளங்கக் கோபம் ஏறியது.

"மூணு வாரம்! மூக்க நொழைக்காத எடமில்ல. ஒரே ஒரு தபா சீட்டுல ஒக்காந்து பிரேக்க மிதிச்சுப் பாத்தியாண்ணே நீ?"

கொளஞ்சியப்பன் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "நீ எறங்குனாதான நான் ஒக்கார்றது? மொத நாளே சொன்னேன், 'எறங்கு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்'னு. 'என் சீட்டுல எவனும் ஒக்கார மாட்டான், மூடியத் தொறந்து பாரு'ன்ன. நானும் மூடியத் தொறந்தே பாத்துக்கினு கெடக்கறேன்!"

அவர் சொன்னது உண்மை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. முனியப்பனைத் திட்டியாயிற்று, மெக்கானிக்கைத் திட்டியாயிற்று, பெட்ரோல் பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று ஒரு காலைப்பொழுதைக் கழித்தாயிற்று. விட்டுப்போனது அவள் மட்டும்தான்.

"பேசாம ஓஸ அடைச்சே வுட்டுடேண்ணே" என்றான் தமிழ்வேந்தன், காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு. "நிக்காம ஓடும்ல. யாருக்குத் தெரியப்போவுது?"

பெரியநாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மேல ஏறிடும். கீழ எறங்கறப்ப? பதினொரு வளைவு. உள்ள நாலு பொம்பளைங்க. பிரேக்கு பாறை. உன் வண்டிய வேணும்னா அடைச்சிக்க."

புதுப் பூஸ்டர் சேலத்திலிருந்துதான் வர வேண்டும். கேட்டால் செவ்வாய்க்கிழமை என்றார்கள். கொளஞ்சியப்பன் வெகுநேரம் தாடியைச் சொறிந்துவிட்டு, "உங்க ஊர்லயே ஒண்ணு கெடக்குது. ராஜாம்பா வூட்டுப் பின்னால, பழைய மாருதி. இப்ப கோழி படுக்குது அதுல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் நைனார்பாளையத்தில் இருந்தார்கள். ராஜாம்பாளின் மகன் எப்போதோ ஓட்டிய கார் அது. சக்கரமில்லாமல் நின்றது. சீட்டில் எட்டுக் கோழி, கூரைமேல் ஒரு சிவப்புச் சேவல். எஞ்சின் இருந்த குழியில், பூஸ்டருக்கு நேர் கீழே ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது.

"சட்டிய எடுத்துக்கோங்க, எனுக்கு இன்னாத்துக்கு அது" என்றாள் ராஜாம்பாள். "ஆனா அந்தப் பொட்டைய எழுப்பக் கூடாது. பதினெட்டு நாளு ஆச்சு. இன்னும் மூணு நாள்தான். தே, பெரியநாயகி, நீ கத்துனா முட்ட கூமுட்டையாப் பூடும். வாய மூடிக்கினு நில்லு."

கொளஞ்சியப்பன் நட்டைக் கழற்றக் கழற்ற அந்தப் பெட்டை அவர் கையைக் கொத்திக்கொண்டே இருந்தது. புறங்கையில் பதினேழு இடத்தில் கொத்தியது. பெரியநாயகி ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றாள். அவளுடைய நாற்பத்து மூன்று வருட வாழ்க்கையில் அதுதான் நீண்ட மௌனம் என்று ராஜாம்பாள் இன்றைக்கும் சாட்சி சொல்வாள்.

சட்டி வெளியே வந்ததும் கொளஞ்சியப்பன் ஓஸ் செருகும் துளையில் வாயை வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்தார். நாக்கு பசை போட்டதுபோல் பிடித்துக்கொண்டது. "நழ்ழா இழுக்குழு" என்றார். ரப்பர் கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மதியத்துக்கு மேல் ஷெட்டில் மாட்டி முடித்தார்கள். கொளஞ்சியப்பன் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெரியநாயகி சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஒக்காரு. சீட்ட பின்னால தள்ளிடாத" என்றாள், வெடுக்கென்று.

அவர் உட்கார்ந்தார். எஞ்சின் அணைந்திருக்கும்போதே பிரேக்கை நாலைந்து முறை மிதித்து இறுக்கி, காலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். நாற்றங்கால் சேற்றில் கால் இறங்குவதுபோலப் பெடல் மெல்ல இறங்கியது; சட்டி கூடச் சேர்ந்து அமுக்குகிறது என்று அர்த்தம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தார். அந்தச் சுற்று முழுக்கப் பெரியநாயகி ரோட்டு ஓரத்தில் கூடவே ஓடிவந்தாள். "பள்ளம், பள்ளம்! பாத்து ஓட்டு! யாரு வண்டின்னு நெனச்ச?"

திங்கட்கிழமை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கார் முனியப்பன் வாசலுக்கு வந்தது. பின்னால் பத்தடி தள்ளித் தமிழ்வேந்தன் காலி வண்டியோடு நின்றான். வழிபாட்டுக்கு வந்தேன் என்று முகத்தை வைத்துக்கொண்டான். டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பேர் தள்ளுவதற்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். காருக்குள் சுபஸ்ரீ டீச்சர் பழக்கத்தில் புடவை மடிப்பைக் கையில் பிடித்திருந்தார்.

வீரமுத்து தட்டோடு வந்தார். வேண்டுமென்றே மெதுவாக வந்தார். எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம், அன்றைக்கு மூன்று. ஒன்றொன்றாகத் தேய்த்தார். திருநீற்றைக் கண்ணாடியில் ஒரு பட்டை, இரண்டு பட்டை, மூன்று பட்டை என்று நிதானமாக இழுத்தார். பெரியநாயகியின் வலது கால் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது. எஞ்சின் ஓடியது. குங்குமம் வைத்தார். எஞ்சின் ஓடியது. எல்லாம் முடிந்து இன்னும் என்ன செய்வது என்று தெரியாமல் அவர் மறுபடியும் பம்பர் பக்கம் போய் நின்றார். அப்போதும் எஞ்சின் ஓடியது.

சுபஸ்ரீ டீச்சர் புடவை மடிப்பைக் கைவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். "போலாங்க, பெரியநாயகி. நாளைக்கும் இதே டைம்" என்றார்.

"ஒரு நிமிசம் டீச்சர்" என்றாள் பெரியநாயகி.

காலை எடுக்காமலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, உருட்டிய விழியோடு உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யோவ், உம்மேல தப்பு இல்லதான். நான் திட்னது தப்பு. ஆனா நாலு வாட்டி வந்து நின்னு வாயில வந்தத எல்லாம் பேசினு கெடந்தேனே, 'நான் இல்லம்மா, உன் காலு'ன்னு ஒரு வார்த்த சொன்னா அந்த மீசை கொறைஞ்சா பூடும்?"

வீரமுத்து கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார். தட்டு கையில் இருந்ததால் அப்படியே நின்றார்.

பெரியநாயகி முதல் கியரைப் போட்டாள். கார் முதல் வளைவில் ஏறியது. தள்ள ஆள் இறங்கவில்லை. டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பேர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.